நாள் கணக்கே பணக் கணக்கு

கல்யாண வீட்டில் மொய் எழுதும் இடத்தை எல்லோரும் பார்த்திருப்போம். ஊர், பெயர், தொகை என்று ஒவ்வொன்றும் நோட்டில் ஏறும். பல வருடம் கழித்து மொய் வைத்தவர் வீட்டில் ஒரு விசேஷம் என்றால், அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, வாங்கியதோடு கொஞ்சம் கூட்டிச் செய்வார்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். தொழில் தொடங்கவும் பழைய கடனை அடைக்கவும் லட்சக்கணக்கான ரூபாய் அங்கே திரள்கிறது. அதற்கு ஆதாரம் ஒரு நோட்டும் சொன்ன சொல்லும்தான். கணக்கு எழுதத் தெரியாத சமூகம் இல்லை நம்முடையது.

அதே வீடுகளில் இன்று, போன மாதம் கைப்பேசி வழியாக மொத்தம் எவ்வளவு பணம் போனது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. கிரெடிட் கார்டு பில் எந்தத் தேதியில் முடிகிறது, எந்தத் தவணை எப்போது தீர்கிறது, பணம் திருட்டுப் போனால் எத்தனை நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கும் அதே நிலைதான்.

வீட்டு நிதி குறித்த அறிவுரைகள் பெரும்பாலும் தொகையைப் பற்றியே பேசுகின்றன: இவ்வளவு சேமி, இவ்வளவு முதலீடு செய், இவ்வளவுக்கு மேல் கடன் வாங்காதே. இணையவழிப் பணப் பரிமாற்றம் வந்த பிறகு, தொகைக்குச் சமமாக நாளும் முக்கியமாகிவிட்டது. கடன் அட்டையின் லாபமும் நஷ்டமும் தேதியால் முடிவாகின்றன. மோசடிக்காரர் ஜெயிப்பது நம் அவசரத்தால். சட்டம் தரும் பாதுகாப்பும் கெடு வைத்துத்தான் வருகிறது. நாள் கணக்கை அறிந்த குடும்பம் தப்பிக்கிறது. அறியாத குடும்பம் அதற்கு விலை கொடுக்கிறது. இந்த ஒரு பார்வையில் கடன் அட்டை, செயலிக் கடன், மோசடி, சட்டம், சேமிப்பு என்று வரிசையாகப் பார்ப்போம்.

வேகம் வந்த வழி

ஒரு தலைமுறைக்கு முன்பு வெளியூருக்குப் பணம் அனுப்ப மணியார்டர், இல்லையென்றால் டிடி. காசோலை கொடுத்தால் அது வசூலாக ஓரிரு நாள் ஆகும். கொடுத்தது தவறென்று இடையில் தெரிந்தால், வங்கிக்கு எழுதிக் காசோலையை நிறுத்திவிடலாம். அந்தத் தாமதம் தொல்லையாக இருந்தது உண்மை. தவறைத் திருத்த இடம் கொடுத்ததும் அதே தாமதம்தான்.

வங்கிக்கு வங்கி இணையவழியில் பணம் அனுப்பும் முறைகளில் 2005-இல் நெஃப்ட் வந்தது, 2010-இல் ஐஎம்பிஎஸ் வந்தது. 2016 ஏப்ரல் 11 அன்று, அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் யுபிஐ முறையைத் தொடங்கி வைத்தார். இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் உருவாக்கிய அமைப்பு அது. அதே ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். டிசம்பர் 30-இல் யுபிஐ வழியே பணம் அனுப்பும் பீம் செயலி வந்தது. கையில் நோட்டு இல்லாத அந்த மாதங்களில்தான் பலர் முதன்முதலாகக் கைப்பேசியில் பணம் செலுத்தப் பழகினார்கள். 2019 டிசம்பரில் நெஃப்ட் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கத் தொடங்கியது. ஓராண்டு கழித்து, பெரிய தொகைகளை அனுப்பும் ஆர்டிஜிஎஸ்ஸும் அப்படியே ஆனது. 2025 ஆகஸ்டில் யுபிஐ பரிமாற்றங்கள் ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. கைமாறிய தொகை 24 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

இதனால் வந்த நன்மை பெரிது. பூ விற்கும் அம்மாவுக்குச் சில்லறைத் தட்டுப்பாடு தீர்ந்தது. சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளை ஊரில் இருக்கும் தாய்க்கு நடுராத்திரியில்கூட மருந்துக்குப் பணம் அனுப்ப முடிகிறது. ஆனால் பணம் நொடியில் போகிறது, போனதைத் திரும்ப அழைக்கப் பொத்தான் கிடையாது. வங்கியும் தபால் நிலையமும் முன்பு நமக்காகச் செய்துவந்த நிதானத்தை இனி நாமேதான் கடைப்பிடிக்க வேண்டும்.

கிரெடிட் கார்டில் தேதியின் விலை

2024-இல் நாட்டில் புழக்கத்தில் உள்ள கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்தது. அதற்கு முன்பே, 2023 நவம்பரில், அடமானம் இல்லாத நுகர்வுக் கடன்கள் அளவுக்கு மீறி வளர்வதைக் கண்டு, ரிசர்வ் வங்கி அவற்றுக்கான இடர் மதிப்பை உயர்த்தியது. 2022-இல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைக்கவும் அனுமதி கிடைத்தது. ஆக, மளிகைக் கடையின் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் போதும், கடனிலேயே சாமான் வாங்கலாம்.

கார்டைச் சரியாகப் பயன்படுத்துபவருக்கு அது வட்டியில்லாக் கடன். எப்படி என்று ஓர் உதாரணம். உங்கள் பில் தேதி ஒவ்வொரு மாதமும் 5, பணம் கட்டக் கடைசி நாள் 25 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 6 அன்று ஒரு மிக்ஸி வாங்கினால், அது ஜூலை 5 பில்லில்தான் வரும். ஜூலை 25 வரை, 49 நாள், வட்டி இல்லை. அதே மிக்ஸியை இரண்டு நாள் முன்னால், ஜூன் 4 அன்று வாங்கினால், ஜூன் 25-க்குள் கட்டியாக வேண்டும். கிடைப்பது 21 நாள்தான். பொருளும் விலையும் ஒன்று, தேதி மட்டும் வேறு. பில் தேதியைத் தங்கள் சம்பள நாளுக்கு ஏற்ப மாற்றிக் கேட்கும் உரிமையும் ரிசர்வ் வங்கி விதிகளில் உண்டு. அதைக் கேட்டுப் பெறுபவர்கள் குறைவு.

இந்த இலவச நாட்களுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பில் தொகை முழுவதையும் கட்ட வேண்டும். கொஞ்சம் பாக்கி வைத்தாலும், பொதுவாக வங்கிகள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி போடுகின்றன. அடுத்து வாங்கும் பொருளுக்கும், பழைய பாக்கி தீரும் வரை, இலவச நாள் கிடையாது. இன்று வாங்கும் பால் பாக்கெட்டுக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். கார்டைச் செருகி ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்தாலும் இதே கதைதான்: எடுத்த நாளிலிருந்து வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம்.

வட்டிக்கு உச்ச வரம்பு உண்டா என்று பலர் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிக நடவடிக்கை என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. எனவே மாதம் மூன்றரை சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் என்பது இன்று சாதாரணமாகக் காணும் விகிதம். அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும்.

மினிமம் டியூ

பில்லில் இரண்டு தொகைகள் அருகருகே இருக்கும். ஒன்று மொத்தத் தொகை. இன்னொன்று, கட்டினால் போதும் என்ற தோற்றம் தரும் குறைந்தபட்சத் தொகை, அதாவது மினிமம் டியூ. பெரும்பாலும் அது மொத்தத்தில் 5 சதவீதம். இந்த இரண்டாவது தொகை ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று பென்சிலும் தாளும் எடுத்துப் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

பாக்கி 50,000 ரூபாய். மாத வட்டி மூன்றரை சதவீதம். மினிமம் டியூ 2,500 ரூபாயை நாள் தவறாமல் கட்டுகிறீர்கள். மீதி 47,500. அதற்கு ஒரு மாத வட்டி 1,662 ரூபாய் 50 காசு, அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 299 ரூபாய் 25 காசு. புதிதாக ஒரு ரூபாய்க்குக்கூடக் கார்டைத் தேய்க்கவில்லை என்றாலும், அடுத்த பில் 49,461 ரூபாய் 75 காசு. கையிலிருந்து போனது 2,500, கடனில் குறைந்தது 538.

இப்படியே, ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் மட்டும் கட்டி ஒரு வருடம் போனால், நீங்கள் கட்டியிருப்பது ஏறத்தாழ 28,300 ரூபாய். பாக்கி இன்னும் ஏறத்தாழ 43,900 ரூபாய். பன்னிரண்டு மாதம் ஒழுங்காகக் கட்டிய ஒருவரின் கடன் ஆறாயிரத்துச் சொச்சம்தான் குறைந்திருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து வட்டியைக் கணக்கிட்டால் நிலைமை இதைவிட மோசம். அதே மனிதர் மாதம் 5,000 ரூபாய் என்று உறுதி எடுத்துக் கட்டினால், பதின்மூன்றாவது மாதத்தில் கடன் முடிந்துவிடும்.

மினிமம் டியூ கட்டுவதால் கிடைப்பது ஒன்றுதான்: தாமதக் கட்டணமும் கடன் வரலாற்றில் கரும்புள்ளியும் விழாது. அது ஒரு மாத நெருக்கடிக்கு உதவும், வழக்கமாக்கிக்கொள்ள ஏற்றது இல்லை. பாக்கி ஏறிவிட்டால், நகைக் கடனோ வங்கித் தனிநபர்க் கடனோ குறைந்த வட்டிக்கு வாங்கிக் கார்டு பாக்கியை முழுதாக அடைத்துவிடுவது நல்லது. அடைத்த பிறகு அதே கார்டில் மறுபடி செலவழிக்கத் தொடங்கினால், ஒரு கடன் இரண்டாகும்.

2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு விதிகள் வாடிக்கையாளர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தவை. கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. கடைசி நாள் கடந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். கட்டாத கட்டணங்களையும் வரிகளையும் அசலில் சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது. பாக்கி எதுவும் இல்லாதவர் கார்டை முடித்துவிடச் சொன்னால், ஏழு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். இந்த விதிகளைச் சொல்லி எழுத்தில் கேட்டால் பதில் வரும். தொலைபேசியில் கெஞ்சினால் அடுத்த மாதம் பாருங்கள் என்பார்கள்.

தவணையும் செயலிக் கடனும்

வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரம் பண்டிகைக் காலத்தில் எங்கும் தொங்கும். வட்டி இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அந்த வட்டி ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியில் ஒளிந்திருக்கும், அல்லது செயல்முறைக் கட்டணத்தில் ஒளிந்திருக்கும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முழுப் பணமும் இப்போதே கொடுத்தால் என்ன விலை? இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசமே வட்டி.

செயலிக் கடனுக்கு நம் ஊரில் ஒரு மூதாதை உண்டு. 10,000 ரூபாய் கேட்டால் 8,500-ஐக் கையில் கொடுத்துவிட்டு, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிக்கும் தண்டல் முறை காய்கறிச் சந்தைகளில் பழையது. ஆண்டு வட்டியாக மாற்றினால் அது ஏறத்தாழ 120 சதவீதம். மீட்டர் வட்டி, ரன் வட்டி என்பவை அதைவிடக் கொடியவை. அதீத வட்டி வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தது. அதன் பிறகும், 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டது. கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் மேலும் ஒரு சட்டம் இயற்றினார்கள்.

2020 ஊரடங்கில் வேலையும் வருமானமும் நின்றபோது இதே தண்டல் கைப்பேசிக்குள் வந்தது. ஆவணம் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் பணம் என்றார்கள். கட்டணத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, ஏழு நாளில் முழுத் தொகையையும் கேட்டார்கள். கட்டத் தவறியவரின் கைப்பேசியிலிருந்து உறவினர், மேலதிகாரி எண்களை எடுத்து, மாற்றி ஒட்டிய ஆபாசப் படங்களை அனுப்பினார்கள். சென்னைக் காவல்துறை வழக்குப் பதிந்து வெளிநாட்டவர் உட்படப் பலரைக் கைது செய்தது.

2022 செப்டம்பரில் வந்த மின்னணுக் கடன் விதிகளின்படி, கடன் தொகை நேராக வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். செயலி நம் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு விகிதத்தை ஒரு விவரத்தாளில், வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். வாங்கிய பிறகு மனம் மாறினால், குறைந்தது ஒரு நாள் அவகாசத்துக்குள் அசலையும் அதுவரைக்குமான விகிதப்படியான கட்டணத்தையும் கட்டிவிட்டு, அபராதம் இல்லாமல் விலகலாம். வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. எந்தெந்தச் செயலிகள் முறையான நிறுவனங்களோடு சேர்ந்தவை என்ற பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலியை ஐந்து நிமிடம் செலவழித்து அந்தப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம்.

அவசரமே மோசடியின் முதல்

சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் சுற்றிவரும் ஒரு குறுஞ்செய்தியைப் பாருங்கள். போன மாத பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த மின் அதிகாரியை அழைக்கவும் என்று வரும். கீழே ஒரு சாதாரணப் பத்து இலக்கக் கைப்பேசி எண். அழைத்தால் மரியாதையாகப் பேசுவார்கள். ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள்; அது உங்கள் திரையை அவர்களுக்குக் காட்டும் செயலி. பிறகு, பதிவைச் சரிசெய்யப் பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொல்வார்கள். நீங்கள் கார்டு எண்ணையும் ரகசிய எண்ணையும் அழுத்துவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்துப் பழகிய மாநிலத்தில் போன மாத பில் என்ற சொல்லே பொய்யைக் காட்டிக்கொடுக்கிறது. படித்தவர்கள்கூட அதைக் கவனிப்பதில்லை. ராத்திரி கரண்ட் போய்விடுமே என்ற பதற்றம் கவனத்தைத் தின்றுவிடுகிறது.

மோசடிகள் நூறு வேடம் போடும். பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோ அழைப்பிலேயே உங்களைக் கைது செய்திருக்கிறோம் என்பார்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது; 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதை எச்சரித்தார். பழைய சோபாவை விற்க விளம்பரம் போட்டால், பணம் தருகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்பார் ஒருவர். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம்; பின் அழுத்தினால் நம் கணக்கிலிருந்து பணம் போகிறது என்றே பொருள். இந்த ஓட்டையைக் குறைக்கத்தான், தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் யுபிஐயில் பணம் கேட்டு விண்ணப்பம் அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தினார்கள். போக்குவரத்து அபராத ரசீது, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பைத் திறந்தால், நமக்கு வரும் ஓடிபி எல்லாம் அவர்களுக்கும் போகும்.

பேராசையைத் தூண்டும் வகை வேறு. 2022-இல் வெளியே வந்த ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கில், மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி தருவதாகச் சொல்லி ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதாகக் குற்றச்சாட்டு. அதற்குப் பத்து ஆண்டு முன்பு பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழிப் பண்ணை. இப்போது அதே ஆசை வாட்ஸ்அப் பங்குச்சந்தைக் குழுவாகவும், டெலிகிராமில் லைக் போட்டால் காசு என்ற பகுதிநேர வேலையாகவும் வருகிறது. முதலில் சில நூறு ரூபாய் நிஜமாகவே கணக்கில் விழும். பிறகு பெரிய தொகையைக் கட்டச் சொல்வார்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு இன்னொரு வலை இருக்கிறது. உன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறேன் என்பார்கள். திருடிய பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் நகரும். காவல்துறை முதலில் வந்து நிற்பது அந்த மாணவர் வீட்டு வாசலில்.

இத்தனை வேடங்களிலும் மாறாதவை இரண்டு: உடனே செய் என்பதும் யாரிடமும் சொல்லாதே என்பதும். அவசரத்தையும் ரகசியத்தையும் ஒருவர் ஒன்றாகக் கேட்டால், அவர் திருடர் என்று முடிவுகட்டி அழைப்பைத் துண்டிக்கலாம். வங்கியோ காவல்துறையோ மின்வாரியமோ ஒருநாளும் இரண்டையும் ஒன்றாகக் கேட்பதில்லை.

சட்டம் வைத்த கெடு

பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் பலர் முதலில் செய்வது வெட்கப்பட்டு மறைப்பது. அடுத்த நாள் வங்கிக்குப் போகலாம் என்று நினைப்பது. இரண்டும் தவறு. 1930 என்ற தேசிய உதவி எண்ணை அந்த நிமிடமே அழைக்க வேண்டும். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருக்கும்; அது ரொக்கமாக வெளியே போவதற்குள் வங்கிகளுக்குத் தகவல் போனால் இடையில் நிறுத்தி வைக்க முடியும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம்.

நாம் எந்தத் தவறும் செய்யாமல், வங்கியின் தவறும் இல்லாமல், வெளியார் புகுந்து திருடிய பணத்துக்கு 2017 ஜூலை 6-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆணை வழிகாட்டுகிறது. வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள் ஆகிவிட்டால், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய் வரை, மற்ற சேமிப்புக் கணக்குக்கும் ஐந்து லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் 10,000 ரூபாய் வரை நாம் ஏற்க வேண்டும். ஏழு நாளையும் தாண்டினால், அந்தந்த வங்கியின் கொள்கைதான் முடிவு செய்யும். புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் வங்கி தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைத்து, 90 நாளுக்குள் வழக்கைத் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர்மீது பொறுப்பைச் சுமத்த வேண்டுமானால், அதை நிரூபிக்க வேண்டியது வங்கி.

ஓடிபியை நாமே சொல்லிவிட்டால், புகார் கொடுக்கும் வரையிலான நஷ்டம் நம்முடையது. புகாருக்குப் பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. தவறு நம்முடையது என்று தெரிந்தாலும் உடனே சொல்ல வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

திருட்டு இல்லாத சாதாரணத் தொல்லைக்கும் நாள் உண்டு. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். யுபிஐயில் அனுப்பிய பணம் எதிர்த் தரப்புக்குச் சேராமல் நின்றால், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, கேட்காமலே. 2019 செப்டம்பரில் வந்த இந்த விதியைத் தெரிந்தவர்கள் சொற்பம். வங்கி 30 நாளுக்குள் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் கட்டணம் இல்லாமல் போகலாம். விளக்கம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

கடன் வரலாறும் சேமிப்பும்

சிபில் என்று நாம் பொதுவாகச் சொல்லும் மதிப்பெண் 300-இல் தொடங்கி 900 வரை போகும். அதைக் கணக்கிட அனுமதி பெற்ற நிறுவனங்கள் நான்கு. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கிப் பார்த்தால், நாம் வாங்காத கடன் நம் பெயரில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தவறைத் திருத்தக் கேட்டு 30 நாளுக்கு மேல் ஆனால், நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கும் உரிமை 2024 முதல் உண்டு. மதிப்பெண்ணை உயர்த்தித் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம். நாளில் கட்டுவதும் கார்டு வரம்பில் சிறு பங்கை மட்டும் பயன்படுத்துவதும்தான் அதற்கு வழி.

சேமிப்பிலும் வரிசை முக்கியம். முதலில் மூன்று முதல் ஆறு மாத வீட்டுச் செலவுக்கான அவசரப் பணம். அது இல்லாத வீட்டில்தான் ஒரு ஆஸ்பத்திரி பில் கார்டு பாக்கியாகவும், கார்டு பாக்கி செயலிக் கடனாகவும் மாறுகிறது. அடுத்து வட்டி அதிகமுள்ள கடனை அடைப்பது. 42 சதவீத வட்டியில் கார்டு பாக்கி வைத்துக்கொண்டு, 7 சதவீதத்துக்கு வைப்புநிதி போடுவது நஷ்டக் கணக்கு. வங்கியில் போடும் பணத்துக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு உண்டு; 2020 பிப்ரவரி வரை அது ஒரு லட்சமாகவே இருந்தது. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம். மறந்துபோன பழைய கணக்குகளைத் தேட உத்கம் என்ற தளத்தை ரிசர்வ் வங்கி நடத்துகிறது.

இதில் நாம் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், குறித்த நாளில் கூடி, குறித்த தொகையைச் சேர்த்து, யார் எவ்வளவு வாங்கினார் என்று எல்லார் முன்னிலையிலும் எழுதி வைத்தன. ஆயிரக்கணக்கான பெண்களைக் கந்துவட்டியிலிருந்து மீட்டது அந்த நாள் ஒழுங்கும் நோட்டும்தான்.

வங்கியும் அரசும் செய்ய வேண்டியது

எல்லாப் பொறுப்பையும் வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயம் ஆகாது. கடன் விவரத்தாள் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்ற விதி இருக்கும்போது, கார்டு பில்லும் எச்சரிக்கைச் செய்திகளும் தமிழில் வர வேண்டும் என்று கேட்பது அதிகப்படி இல்லை. மினிமம் டியூ மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை மாதம் ஆகும் என்பதைத் தொகைக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும். முதன்முறையாக ஒரு புதிய கணக்குக்குப் பெரிய தொகை அனுப்பும்போது சில மணி நேரம் நிறுத்தி வைக்கும் வசதியை, வயதானவர்களுக்காவது தர வேண்டும்.

கணக்கு முடக்கத்திலும் நிதானம் தேவை. யாரோ திருடிய பணத்தில் சிறு பகுதி யுபிஐ வழியே வந்து விழுந்த காரணத்துக்காக, ஒன்றும் அறியாத கடைக்காரரின் முழுக் கணக்கையும் முடக்கும் வழக்கம் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு என்று குறிப்பிடாமல், கால வரம்பும் இல்லாமல் முழுக் கணக்கையும் முடக்கி வைப்பது சரியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் ஒரு வழக்கில் சொன்னது. இதை எல்லாக் காவல் நிலையங்களும் வங்கிக் கிளைகளும் கடைப்பிடிக்க வேண்டும்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் கார்டுகளின் பில் தேதி, கட்டக் கடைசி நாள், ஒவ்வொரு தவணையும் முடியும் மாதம், வங்கியின் புகார் எண் ஆகியவற்றை எழுதுங்கள். ஓடிபியையும் பின்னையும் எழுதாதீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து, யுபிஐ கணக்கையும் கார்டு பில்லையும் வரி வரியாகப் படியுங்கள். பயன்படுத்தாத கார்டில் இணையவழி, வெளிநாட்டுப் பரிமாற்ற வசதிகளை அணைத்துவிடுங்கள். தானாகக் கழியும் சந்தாக்களில் வேண்டாதவற்றை ரத்து செய்யுங்கள். அப்பா, அம்மா கைப்பேசியில் 1930 எண்ணை இன்றே பதிந்து கொடுத்து, யாராவது அவசரப்படுத்தினால் முதலில் என்னைக் கூப்பிடுங்கள், எவ்வளவு போயிருந்தாலும் திட்டமாட்டேன் என்று சொல்லுங்கள். அந்த உறுதி இல்லாத வீட்டில்தான் பெரியவர்கள் புகார் கொடுக்கத் தயங்கி, சட்டம் கொடுத்த மூன்று நாளையும் இழக்கிறார்கள்.